காசாபிளாங்கா: படமும் ஊரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை காரணமாக மூன்று ஆண்டுகள் மொராக்கோவின் காசாபிளாங்கா நகரத்தில் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு, மாதம் ஒருமுறை நண்பர்கள் கூடிப் பழைய படம் பார்க்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், 1942-இல் வந்த ஹாலிவுட் படமான 'காசாபிளாங்கா'வை நான்கு தடவை போட்டுவிட்டோம். விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட இதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். படத்தின் முடிவும் இதில் வருகிறது. பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள், 102 நிமிடம்தான்.

காசாபிளாங்காங்கிறது நிஜமான ஊரா, படத்துக்காக வச்ச பேரா?

நிஜமான ஊர்தான். வடமேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. மொராக்கோவின் தலைநகர் ரபாத் என்றாலும் ஆகப் பெரிய நகரம் இதுதான். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 33.6 லட்சம் பேர்.

ஸ்பானிய மொழியில் இந்தப் பெயருக்கு 'வெள்ளை வீடு' என்று பொருள். அரபியில் 'தார் எல் பைதா' என்பார்கள், அதற்கும் அதே பொருள்தான். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'காசா' என்பார்கள். இதற்கெல்லாம் முந்தைய பெயர் 'அன்ஃபா'. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் இரண்டு இடத்தில் வரும்.

கதையைச் சுருக்கமா சொல்லுங்க. போர்ப் படம்னாங்க, சண்டையே இல்லையே?

போர்க்களம் இல்லை, ஆனால் போர் எல்லார் வாழ்க்கைக்குள்ளும் புகுந்திருக்கிறது. 1941 டிசம்பர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று, விஷி நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பணிந்துபோன அரசு ஒன்று நடக்கிறது. பிரான்சின் பிடியில் இருந்த மொராக்கோவும் அந்த அரசின் கீழ்தான். ஐரோப்பாவிலிருந்து தப்பியவர்கள் காசாபிளாங்கா வந்து, அங்கிருந்து லிஸ்பன், லிஸ்பனிலிருந்து அமெரிக்கா என்று போகக் காத்துக் கிடக்கிறார்கள்.

அங்கே மதுவிடுதி நடத்தும் அமெரிக்கன் ரிக் (ஹம்ப்ரி போகார்ட்). பாரிசில் அவனை விட்டுப் போன காதலி இல்சா (இங்ரிட் பெர்க்மன்) ஒரு நாள் கணவனோடு வந்து நிற்கிறாள். கணவன் விக்டர் லாஸ்லோ நாஜிகள் தேடும் எதிர்ப்பியக்கத் தலைவன். தப்பிப்பதற்கான இரண்டு ஆவணங்கள் ('லெட்டர்ஸ் ஆஃப் டிரான்சிட்') ரிக் கையில் இருக்கின்றன. அதை யாருக்குக் கொடுப்பான் என்பதுதான் கதை. இயக்கம் மைக்கேல் கர்டிஸ், தயாரிப்பு வார்னர் பிரதர்ஸ். சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் வாங்கியது.

நீங்க அங்க இருந்தீங்களே, எந்தத் தெருவுல எடுத்தாங்கன்னு காட்டினாங்களா?

காட்ட ஒரு தெருவும் கிடையாது. படக்குழு மொராக்கோ பக்கமே போகவில்லை. 1942 மே முதல் ஆகஸ்ட் வரை, கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருக்கும் வார்னர் ஸ்டூடியோவுக்குள்ளேயே கிட்டத்தட்ட முழுப் படத்தையும் எடுத்தார்கள். ஜெர்மன் மேஜர் விமானத்தில் வந்து இறங்குவது மட்டும் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸ் விமான நிலையத்தில் எடுத்தது.

கடைசிக் காட்சி விமானமும் நிஜ விமானம் அல்ல. அளவில் சின்னதாகச் செய்த செட் விமானம். அது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உயரம் குறைந்தவர்களை மெக்கானிக்குகளாக அதைச் சுற்றி நடமாடவிட்டு, போலித்தனம் தெரியாமலிருக்கப் புகை போட்டு மூடினார்கள். இது தெரிந்த பிறகும் அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்ப 'படத்துல வந்த ஊர் இப்ப எப்படி மாறியிருக்கு'ன்னு கேக்கறதே தப்பா?

தப்பில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது இரண்டு அல்ல, மூன்று: படத்தில் வரும் ஊர், 1941-இல் நிஜமாக இருந்த ஊர், இன்றைய ஊர். பலரும் முதலாவதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவதற்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள்.

படத்தில் நாம் பார்ப்பது குறுகலான சந்து, வளைவு வாசல், பந்தல் போட்ட கடைத்தெரு, கிளி, குரங்கு. பழைய மதீனாவில், அதாவது கோட்டைச் சுவருக்குள் இருந்த பழைய ஊரில், சந்துகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் 1941-இன் நிஜ காசாபிளாங்கா அந்தக் காலத்தின் மிக நவீனமான நகரங்களில் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த சிறு துறைமுகம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1912-இல் மொராக்கோவைத் தங்கள் 'பாதுகாப்பு'க்குள் கொண்டுவந்த பிறகு, ஆன்ரி பிரோஸ்ட் என்ற திட்ட வல்லுநர் அகலச் சாலைகளும் சதுக்கங்களும் வரைந்தார். அவற்றின் இருபுறமும் வெள்ளை வெளேரென்று 'ஆர்ட் டெக்கோ' என்ற அக்கால நவீன பாணிக் கட்டடங்கள் எழுந்தன. ஹாலிவுட்காரர்கள் நிஜ ஊரைப் போய்ப் பார்த்திருந்தால் 'இது நம் கதைக்கு ஆகாது, ரொம்பப் புதுசாக இருக்கிறது' என்று சொல்லியிருப்பார்கள்.

கடலோர ஊருன்னு சொல்றீங்க, படத்துல பாலைவனம்ங்கறாங்களே?

நல்ல கவனிப்பு. இந்த ஊருக்கு ஏன் வந்தாய் என்று போலீஸ் தலைவர் ரெனோ கேட்கும்போது, உடம்புக்கு நல்ல நீர் கிடைக்கும் என்று வந்தேன் என்கிறான் ரிக். நாம் பாலைவனத்தில் இருக்கிறோமே என்பார் அவர். எனக்குத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்பான். அரங்கம் சிரிக்கும். ஆனால் அந்த ஊரில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். செயற்கையாகக் கட்டப்பட்ட மாபெரும் துறைமுகம், நீண்ட அலைதடுப்புச் சுவர், முழுதாகக் கட்டி முடிக்காத நிலையில் பிரான்சிலிருந்து தப்பி வந்து நின்ற 'ழான் பார்' என்ற போர்க்கப்பல் எல்லாம் அந்த 1941 டிசம்பரில் அங்கே இருந்தன. சகாரா அங்கிருந்து வெகு தொலைவு, நடுவே அட்லஸ் மலைத்தொடர் நிற்கிறது.

பாலைவனம் இல்லைன்னாலும் ஆப்பிரிக்காவுல ஏதுங்க மூடுபனி? கடைசி சீன்ல புகை போட்டு ஏமாத்திட்டாங்கதானே?

புகை போட்டது உண்மை (விமானத்தைப் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள்). ஆனால் படம் தெரியாமல் சரியாகச் சொன்ன விஷயம் இதுதான். அந்தக் கரையை ஒட்டி கேனரி நீரோட்டம் என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. சூடான காற்று அதன்மேல் படும்போது மூடுபனி உண்டாகி ஊருக்குள் வரும். என் வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடம் தெரியாத காலைகள் உண்டு. சிவப்பு நிற சின்ன டாக்சிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும், டிராம் மணிச் சத்தம் முன்னால் வந்து டிராம் பின்னால் வரும். விமானங்கள் தாமதமாவதும் வழக்கம்.

இது உண்மைக் கதையா?

இல்லை. மரே பர்னெட், ஜோன் அலிசன் இருவரும் எழுதி மேடையேறாமல் இருந்த நாடகத்தை வார்னர் வாங்கியது. பர்னெட் 1938-இல் வியன்னா போயிருந்தபோது நாஜிகளின் கீழ் யூதர்கள் படும் பாட்டை நேரில் பார்த்தார். பிறகு பிரான்சின் தென்கரையில் ஒரு கேளிக்கை விடுதியில், பல நாட்டவர் கூடியிருக்க ஒரு கறுப்பினக் கலைஞர் பியானோ வாசித்ததைக் கேட்டார். இந்த இரண்டும் சேர்ந்துதான் நாடகம் பிறந்தது. ஆக, ரிக்கின் விடுதிக்கு விதை விழுந்தது மொராக்கோவில் அல்ல.

அந்த லெட்டர்ஸ் ஆஃப் டிரான்சிட்… அப்படி ஒரு பேப்பர் இருந்துச்சா?

அதுவும் கற்பனை. யாரும் கேள்வி கேட்க முடியாத, எல்லாக் கதவையும் திறக்கும் ஒற்றைக் காகிதம் நிஜத்தில் கிடையாது. நிஜம் அதைவிடக் கொடுமை. போக வேண்டிய நாட்டின் விசா, வழியில் உள்ள ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் கடப்பு விசா, கப்பல் சீட்டு, பிரெஞ்சு அதிகாரிகள் தரும் வெளியேறும் அனுமதி என எல்லாம் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

சரி, அகதிகளாவது நிஜமா அங்க வந்தாங்களா?

வந்தார்கள். பெரும்பாலோர் பிரான்சிலிருந்து ஸ்பெயின் வழியே லிஸ்பன் போனாலும், காசாபிளாங்காவுக்குக் கப்பலில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 1940 ஜூன் 24 அன்று 'மசிலியா' என்ற கப்பல் வந்து சேர்ந்தது. சரணடையாமல் வட ஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடரலாம் என்று நம்பிப் புறப்பட்ட பிரெஞ்சு அரசியல்வாதிகள் அதில் இருந்தார்கள். அவர்களைக் கரையிறங்கவிடாமல் கப்பலிலேயே தடுத்து வைத்தார்கள். பின்னாளில் பிரான்சின் பிரதமரான பியர் மென்டெஸ் ஃப்ரான்ஸ் அவர்களில் ஒருவர்.

படத்தில் இடம் பெறாத ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: எலென் கேசஸ் பெனட்டார். மொராக்கோவின் முதல் பெண் வழக்கறிஞர், யூதர், காசாபிளாங்காவில் வாழ்ந்தவர். 1940 கோடையில் அகதிகள் வந்து குவிந்தபோது அவர்களுக்குத் தங்குமிடமும் உணவும் தேட ஒரு குழுவை அமைத்தார். விஷி அரசின் யூத விரோதச் சட்டங்கள் அவருடைய தொழிலையே பறித்தன. அப்படியும் விசாவுக்காகவும் முகாமிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவரவும் அலைந்துகொண்டே இருந்தார். முகாம்கள் என்றால் ஊருக்குத் தெற்கே அசமூர் பக்கம் சிதி எல் அயாச்சி, சகாரா ரயில்பாதை போடும் வேலைக்கு ஆட்களை வதைத்த பூ அர்ஃபா போன்றவை. ரிக்கின் விடுதியில் அகதிகள் கோட்டு சூட்டோடு ஷாம்பெயின் குடிக்கிறார்கள். நிஜத்தில் பலர் கல் உடைத்தார்கள்.

பாட்டுக்குப் பாட்டு வர்ற சீன்ல அழுறது நடிப்பு மாதிரியே தெரியலையே?

நடிப்பு மட்டும் அல்ல. ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் தேசபக்திப் பாட்டைப் பாட, லாஸ்லோ இசைக்குழுவிடம் போய் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறான். இசைக்குழு ரிக்கைப் பார்க்கிறது, அவன் தலையை லேசாக அசைக்கிறான். விடுதி முழுக்க எழுந்து பாடுகிறது. அப்போது கன்னத்தில் நீர் வழியும் ஓர் இளம்பெண்ணின் முகத்தை மிக நெருக்கத்தில் காட்டுவார்கள். அவர் மதலேன் லெபோ, அப்போது வயது 19. அவரும் கணவர் மார்செல் தாலியோவும் 1940 ஜூனில் பாரிசை விட்டு ஓடி, லிஸ்பன் வழியாக, போலி விசாவோடு கப்பலேறி அமெரிக்கக் கண்டத்தை அடைந்தவர்கள். தாலியோ யூதர். 'யூதன் இப்படித்தான் இருப்பான்' என்று காட்ட நாஜிகள் அவர் முகத்தைச் சுவரொட்டியில் போட்டார்கள். பிரெஞ்சுப் படங்களில் பெரிய நடிகராக இருந்த அவர் இந்தப் படத்தில் சூதாட்ட மேசைக்காரராகச் சில நொடிகள் வருகிறார், பெயர்ப் பட்டியலில்கூட இல்லை.

பட்டியலில் உள்ள 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்: போகார்ட், பியானோக்காரர் சாமாக வரும் டூலி வில்சன், இளம் பல்கேரியப் பெண்ணாக வரும் ஜாய் பேஜ். நாஜி மேஜராக நடித்த கொன்ராட் வைட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். தான் வெறுத்தவர்களின் சீருடையையே போட்டு நடித்தார். துணை நடிகர்களில் பலரும் அகதிகள். தெருக்கள் பொய் என்று மேலே சொன்னேன், முகங்கள் மெய். நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கு இந்த ஒரு நிமிடம் போதும்.

ஜெர்மன் ஆபீசருங்க அந்த மாதிரி ஊருக்குள்ள அதிகாரம் பண்ணினாங்களா?

அந்த அளவுக்கு இல்லை. போர்நிறுத்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்க ஜெர்மன் ஆணையம் ஒன்று இருந்தது. ஆட்சியும் போலீசும் விஷி பிரெஞ்சுக்காரர்களிடம்தான். தொடக்கத்தில் ஓர் ஆள் விஷித் தலைவர் பெத்தானின் சுவரொட்டிக்குக் கீழேயே சுடப்பட்டு விழுவான், சுட்டது பிரெஞ்சு போலீஸ். முடிவில் ரெனோ விஷி நீர் பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டு உதைப்பார். அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில்தான் படத்தின் அரசியல் முழுக்க இருக்கிறது.

படம் ஓடினப்போ நிஜ ஊர்ல என்ன நடந்துச்சு?

நம்ப முடியாத பொருத்தம். 1942 நவம்பர் 8 அன்று அமெரிக்கப் படைகள் ஜெனரல் பேட்டன் தலைமையில் மொராக்கோ கரையில் இறங்கின. காசாபிளாங்காவுக்குப் பக்கத்து ஊரான ஃபெதலா (இன்று முகமதியா) அதில் முக்கியமான இடம். துறைமுகத்துக்கு வெளியே கடற்போர் நடந்தது. மேலே சொன்ன 'ழான் பார்' கப்பலும் அமெரிக்கக் கப்பல்களை நோக்கிச் சுட்டு, குண்டடி பட்டது. 11ஆம் தேதி சண்டை நின்றது. ஊர்ப்பெயர் செய்தித்தாள்களில் அடிபடும் சூட்டிலேயே, நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் படத்தை வெளியிட்டார்கள்.

1943 ஜனவரி 14 முதல் 24 வரை ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அதே ஊரின் அன்ஃபா பகுதியில் கூடி, எதிரி நாடுகள் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என்று அறிவித்தார்கள். அமெரிக்கா முழுக்கப் படம் வெளியானது ஜனவரி 23, மாநாடு முடிவதற்கு முதல் நாள்.

அந்த மாநாடு நடந்த ஹோட்டல் இருக்கா? போய்ப் பாக்கலாமா?

கப்பல் வடிவத்தில் குன்றின்மேல் இருந்த அன்ஃபா ஹோட்டலை இடித்துவிட்டார்கள். சர்ச்சில் தங்கிய வில்லா மிரடோர் இருக்கிறது. அது அமெரிக்கத் துணைத்தூதரின் இல்லம் என்பதால் வெளியிலிருந்து மதிலைத்தான் பார்க்க முடியும்.

கடைசி சீன் ஏர்போர்ட்? அதாவது இருக்கா?

படத்தில் வந்தது ஸ்டூடியோ என்பது தெரியும். நிஜத்தில் 1941-இல் ஊருக்கு இருந்தது அன்ஃபா விமான நிலையம், அப்போது காம்ப் காஸ் என்பார்கள். அது மூடப்பட்டுவிட்டது. ஓடுபாதை இருந்த நிலத்தில் இன்று 'காசாபிளாங்கா ஃபைனான்ஸ் சிட்டி' என்ற நிதி வட்டாரம் எழுந்திருக்கிறது: கண்ணாடிக் கோபுரங்கள், வங்கி அலுவலகங்கள், டிராம் பாதை, ஒரு பெரிய பூங்கா. ரிக்கும் ரெனோவும் பனிக்குள் நடந்து மறைவதாகக் காட்டும் இடம் நிஜத்தில் இருந்திருந்தால், அதன்மேல் இன்று யாரோ ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடைபழகிக்கொண்டிருப்பார்.

ரிக்ஸ் கஃபே போட்டோ நெட்ல பாத்தேனே. அது ஒரிஜினலா?

ஒரிஜினல் என்று ஒன்று இருந்ததே இல்லை. நீங்கள் பார்த்தது 2004-இல் திறந்தது. கேத்தி க்ரிகர் என்ற முன்னாள் அமெரிக்கத் தூதரக அதிகாரி, பழைய மதீனாவின் ஓரத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த பழைய மாளிகையைப் புதுப்பித்து உணவகமாக்கினார். வளைவுகள், பித்தளை விளக்குகள், பியானோ எல்லாம் படத்தை நினைவூட்டும். 2018-இல் அவர் காலமானார். போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, அன்போடு செய்த வேலை அது. ஆனால் விலை அதிகம், உள்ளே உள்ளூர்க்காரர்களைவிடச் சுற்றுலாப் பயணிகளே அதிகம்.

அப்ப 1941-ல இருந்த ஊர்ல இன்னிக்கு எதுதான் மிச்சம்?

நிறைய. முகமது V சாலையில் (அன்றைய பெயர் 'கார்' சாலை, அதாவது ரயில் நிலையச் சாலை) நடந்தால் தெரியும். தூண் வரிசை நடைபாதை, மாடிகளில் இரும்புப் பூவேலைக் கைப்பிடிகள், முகப்பில் வண்ண ஓடுகளைச் சிறிதாக வெட்டிப் பதித்த மொராக்கோ வேலைப்பாடு. வெள்ளை இப்போது சாம்பல் பூத்திருக்கிறது, சில பால்கனிகளில் செடி முளைத்திருக்கிறது. கார்கள் அடைத்துக் கிடந்த சாலையில் 2012 டிசம்பர் முதல் டிராம் ஓடுகிறது. 1930-இல் திறந்த ரியால்டோ திரையரங்கம் இன்றும் நிற்கிறது. போர்க்காலத்தில் புகழ்பெற்ற பாடகி ஜோசஃபின் பேக்கர் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக அங்கே பாடினார். சேக்ரே கேர் பேராலயத்தில் இப்போது வழிபாடு இல்லை, கட்டடம் இருக்கிறது.

இழந்ததும் உண்டு. கட்டடக் கலைஞர் மரியுஸ் பொயே கட்டிய வில்லா மொக்ரி என்ற மாளிகையை 1995-இல் இடித்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'காசா மெமுவார்' என்ற பாதுகாப்புச் சங்கம். மத்தியச் சந்தைக்கு எதிரே இருந்த ஹோட்டல் லிங்கன் இடிந்து சரிந்து பல ஆண்டு வெறும் முகப்பாக நின்றது. தினமும் வேலைக்குப் போகும்போது அதைக் கடந்துதான் போவேன். ஜன்னல் வழியே அறை தெரியாது, வானம் தெரியும்.

அவ்ளோ பெரிய ஊர்ல மொராக்கோக்காரங்க ஒருத்தர்கூட கதையில இல்லையே, ஏன்?

எங்கள் மாடியில் ஒரு கல்லூரி மாணவி கேட்டது. அவர் சொன்னது சரி. வாசற்காவலன் அப்துல், கடைக்காரர், கூட்டம், அவ்வளவுதான். அப்துலாக நடித்தவரும் அமெரிக்கர். பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மானியரிடமிருந்து விடுதலை வேண்டிப் பாடும் அந்தக் காட்சி நடப்பது, அதே பிரெஞ்சுக்காரர்கள் அடிமைப்படுத்தி வைத்திருந்த நாட்டில். அங்கே பழகிய பெரியவர் ஒருவரோடு இந்தப் படத்தைப் பார்த்தபோது, அந்தப் பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "எங்கள் பாட்டு எப்போது வரும்?"

வெள்ளை நகரத்தைக் கட்டிய தொழிலாளர்கள் அதற்கு வெளியே, கல்குவாரிகளின் பக்கம் தகரம் அடித்த குடிசைகளில் இருந்தார்கள். பிரெஞ்சில் தகர டப்பாவுக்கு 'பிதோன்' என்று பெயர். சேரியைக் குறிக்கும் 'பிதோன்வில்' என்ற சொல் காசாபிளாங்காவிலிருந்துதான் பரவியது என்பார்கள். 1952 டிசம்பரில் அந்தக் குவாரிக் குடியிருப்பிலிருந்து தொழிலாளர்கள் திரண்டு எழுந்தபோது சுட்டார்கள், பலர் இறந்தார்கள். 1956-இல் விடுதலை வந்தது. இன்று அந்தப் பகுதி ஹே முகமதி. 1970களில் மொராக்கோ இசையையே மாற்றிய 'நாஸ் எல் கிவான்' குழு அங்கிருந்து வந்தது. படத்தை நேசிப்பதும் இந்தக் குறையைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பது என் எண்ணம்.

கலர்ல ஒரு பிரிண்ட் இருக்காமே?

1980களில் நிறம் ஏற்றினார்கள். வேண்டாம், கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள். இல்சாவின் கண்ணில் தேங்கும் ஒளி அதில்தான் இருக்கிறது.

எனக்கு அங்க ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எங்க போறது?

காலையில் மத்தியச் சந்தை. மீன் வாங்கி, பக்கத்துக் கடைகளிலேயே சமைத்துத் தரச் சொல்லலாம். பிறகு முகமது V சாலையில் தலையை நிமிர்த்தி நடங்கள், அழகெல்லாம் முதல் மாடிக்கு மேலேதான். மதியம் இரண்டாம் ஹசன் மசூதி: 1993-இல் திறந்தது, ஏறத்தாழ 200 மீட்டர் உயரக் கோபுரம், ஒரு பகுதி கடலுக்கு மேலேயே கட்டப்பட்டது. பிற மதத்தவரும் வழிகாட்டியோடு உள்ளே போகலாம்.

முடிவில் காசா போர்ட் ரயில் நிலையத்துக்குப் போய் வெளியே நில்லுங்கள். துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. வேலிக்கு அப்பால் கன்டெய்னர்களும் பாரந்தூக்கிகளும்தான் தெரியும். 'மசிலியா' தடுத்து வைக்கப்பட்டது அந்தத் தண்ணீரில்தான். மூடுபனி இருக்கும் காலையாக இருந்தால் பாரந்தூக்கிகளும் தெரியாது, கப்பல் ஊதுவது மட்டும் கேட்கும்.